யாருமே போடாத கேப்

என் வாயின் இடது பாதி என் பேச்சைக் கேட்காத நிலையில் இந்த அத்தியாயம் தொடங்குகிறது.

போர்ட் பிளேர் ஹேடோவில், துறைமுக ஊழியர் குவார்ட்டர்ஸுக்கு எதிரே, மாடியில் இருந்த பல் கிளினிக் நாற்காலியில் நான் மல்லாந்து கிடந்தேன். கன்னம் இருந்த இடத்தில் யாரோ தலையணையை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. துப்பறிய வந்தவனுக்கு ஊசி போட்டுவிட்டார்கள். இதைவிடக் கேவலம் ஒரு துப்பறியும் உதவியாளனுக்கு வேறு உண்டா?

"பேஷண்ட் மாதிரி நடிச்சா போதும்னுதானே மேடம் சொன்னீங்க?" என்று கேட்க நினைத்தேன். வெளியே வந்தது என்னவோ "ஏஷந் ஆயி நயிச்சா" என்ற மாதிரி ஒரு சத்தம்.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஷோபனா மேடத்துக்கு அது புரிந்துவிட்டது. என்னோடு குப்பை கொட்டிக் கொட்டி அவருக்கு எந்த மொழியும் புரியும்.

"நடிக்கத்தான் சொன்னேன் டெர்வின். உன் பல்லு நடிக்கல. நிஜமாவே சொத்தை. டாக்டர் என்ன பண்ணுவார், பாவம்."

இவர்தான் ஷோபனா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். உண்மை கிளெய்ம்களையும் பொய் என்று எழுதச் சொன்ன அன்றைக்கு மேலதிகாரியின் மேசையில் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர். இப்போது கராச்சர்மாவில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். போர்ட் பிளேரில் தனியார் துப்பறிவாளருக்கு என்ன பெரிய வேலை? கப்பலில் வந்த சரக்கு பாதி வழியில் எங்கே இளைத்தது, மெயின்லேண்ட் மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே குடும்பம் இருக்கிறதா, இதுதான். நான் டெர்வின். ஸ்கூட்டர் ஓட்டுவேன், டீ வாங்குவேன், மற்ற நேரமெல்லாம் பேசுவேன். என் முதலீடே வாய்தான். அதுவும் இன்றைக்குப் பாதி பந்த்.

இந்த நாற்காலிக்கு எங்களைக் கொண்டுவந்தது காலையில் வந்த கிளாராம்மா.

வண்டூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, நரைத்த தலையை இழுத்துக் கட்டிய கொண்டை, கழுத்தில் செபமாலை. உட்காருங்கள் என்று சொல்வதற்குள் மடியிலிருந்த துண்டை எடுத்து மேசை மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கீழ்த் தாடை எலும்பு. மனிதருடையது. நான் வாயில் வைத்திருந்த பிஸ்கட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கிளாராம்மாவின் கணவர் சின்னப்பன் டிங்கிப் படகில் மீன் பிடிக்கப் போனவர், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால். திரும்பவில்லை. டிங்கியும் கிடைக்கவில்லை. அது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து தினமும் காலையில் ஓடை கடலில் கலக்கும் இடத்தில் போய் நிற்பது கிளாராம்மாவின் வழக்கம். நேற்றுக் காலை அதே இடத்தில், மணலில், இது கிடந்திருக்கிறது.

"போலீஸுக்குச் சொன்னீங்களா?" மேடம் கேட்டார்.

"இன்னும் இல்ல. உங்ககிட்ட வந்துட்டுப் போலாம்னு."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அவுகதான்னு சொல்லுதாக. எல்லாரும் அழுது முடிச்சாச்சு. பங்குச் சாமிகிட்டயும் சொல்லியாச்சு. நாளைக்கு அடக்கத்துக்கு ரெடியா இருக்காக. சாயங்காலத்துக்குள்ள நான் ஒரு வார்த்தை சொல்லணுமாம், துக்க மணி அடிக்கதுக்கு."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

கிளாராம்மா தாடையின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். மற்ற பற்களெல்லாம் மஞ்சளடித்து, தட்டையாகத் தேய்ந்து கிடந்தன. அந்த ஒன்று மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. பல் டாக்டர்கள் சொத்தைப் பல்லை அரைத்து மேலே மாட்டிவிடுவார்களே, அந்தக் கேப்.

"அவுகளுக்கு இந்த எடத்துல கேப்பு. எனக்குத் தெரியாதா?"

மேடம் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

"யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார் கிளாராம்மா.

"யாருன்னா... அவரை யாராவது ஏதாவது செஞ்சிருப்பாங்கன்னு நினைக்கறீங்களா?"

அந்த அம்மா மேடத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டது போல் இருந்தது. "யாருன்னு" என்று மட்டும் மறுபடி சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அடுத்த பஸ் எப்போது என்று கேட்பவர்கூடக் கொஞ்சம் அக்கறையோடு கேட்பார். அழுகிற பெண்களைச் சமாளித்துப் பழக்கம் உண்டு. அழாதவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

"உங்க வீட்டுக்காரர் மெயின்லேண்ட் போய்வர்ற ஆளா?"

"கல்யாணம் முடிஞ்சு கப்பல்ல வந்து எறங்குனதோட சரி. டிக்கெட்டுக்கு லைன்ல நிக்கதுக்கு நீந்தியே தூத்துக்குடி போயிருவேன்பாக."

அதையும் சிரிக்காமல் சொன்னார். மேடம் அந்தப் பல்லையும் அதன் அக்கம்பக்கத்தையும் நெருக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டார். கிளாராம்மா துண்டைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் மேடம் சொன்னார், "ஆளு எலும்பாப் போயாச்சு. கேப் மட்டும் நேத்து வாங்கின மாதிரி இருக்கு. இது எவ்வளவு நாள் தாங்குற சாமான், யார் போட்டது, எப்ப போட்டது? இதைப் பிடிச்சா சின்னப்பனைப் பிடிச்சிடலாம். அவங்க பொண்ணு ஷீபா ஹேடோவில ஒரு பல் கிளினிக்லதான் வேலை பார்க்குதாம். அங்கிருந்தே ஆரம்பிப்போம். உனக்கும் பல்லு வலின்னு ஒரு வாரமா உயிரை எடுக்கறே."

ஆக, நாற்காலி.

டாக்டர் பாலசுப்பிரமணியம் கையுறையைக் கழற்றிக்கொண்டே மேடத்தின் செல்போனை வாங்கினார். குள்ளமான, உற்சாகமான மனிதர். பல்லைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஷீபா இன்னிக்கு லீவும்மா. அப்பா கிடைச்சுட்டாராம். பாவம், நல்ல பொண்ணு. மெயின்லேண்ட்ல பல் சம்பந்தமாவே படிச்சு முடிச்சதும் நேரா இங்க வந்து சேர்ந்துச்சு. கேப் வேலையெல்லாம் அதுதான் பார்த்துக்கும். நாங்க அச்சு எடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம், அங்க லேப்ல செஞ்சு ஃப்ளைட்ல வரும். சில பேருக்குக் கேப் வந்து இறங்கறதுக்குள்ள டிரான்ஸ்பர் வந்துடும். ஆள் கப்பல் ஏறிடுவான், கேப் இங்கயே கிடக்கும். ஒரு டப்பா நிறைய வச்சிருக்கேன். அனாதைக் கேப்."

"இது என்ன ரகம் டாக்டர்?" மேடம் போட்டோவைக் காட்டினார்.

"ஜிர்கோனியா. செராமிக்லயே ரொம்பக் கெட்டியானது. பழைய கேப்னா உள்ள உலோகம், மேல பீங்கான் பூச்சு. வருஷம் போகப் போக ஓரத்துல பீங்கான் சில்லு விடும், ஈறு பக்கம் கறுப்புக் கோடு தெரியும். இதுல அந்தத் தொல்லை கிடையாது. முழுக்க ஒரே கட்டி."

"கடல்ல வருஷக்கணக்கா கிடந்தா?"

டாக்டர் சிரித்தார். "கடல் இதை ஒண்ணும் பண்ணாதும்மா. வாய்தான் பண்ணும்."

"புரியல."

"பேஷண்ட் எல்லாரும் கேட்கற முதல் கேள்வி, எத்தனை வருஷம் டாக்டர் தாங்கும்? நான் சொல்லுவேன், கேப் உங்களையும் தாண்டி இருக்கும் சார், அதுக்கு அடியில இருக்கற பல்லுக்குத்தான் நான் கேரண்டி தரமாட்டேன். ஆனா என்ன கெட்டியா இருந்தாலும் வாய்க்குள்ள போயிட்டா அது உழைக்கணும். சூடு, ஜில்லு, எச்சில் ஈரம், ராத்திரி பல்லைக் கடிக்கறது. எதிர்ப் பல் வந்து வந்து மோதற இடத்துல முதல்ல மேல் பளபளப்பு போகும். சின்னதா ஒரு மங்கல் விழும். இதோ, போட்டோவுல பக்கத்துப் பல்லைப் பாருங்க. உளி வச்சு மட்டம் பண்ணின மாதிரி இருக்கு. கண்டதையும் கடிக்கற மனுஷன்."

"மீன்காரர். தூண்டில் தங்கூசி நரம்பையெல்லாம் பல்லாலதான் கடிச்சு இழுப்பாங்க."

"அப்போ கேப்ல அடையாளம் இருந்தே ஆகணும். இருக்கா?"

மேடம் போட்டோவைப் பெரிதாக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். கேப் கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு மங்கல், ஒரு கீறல், எதுவும் இல்லை.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "பக்கத்துப் பல்லெல்லாம் கீழ இருக்கு, இது மட்டும் மேடா நிக்குது. இப்படி விட்டா அந்த மனுஷனால வாயை மூடவே முடியாது. நாங்க கேப் மாட்டினதும் ஒரு நீலப் பேப்பரைக் கடிக்கச் சொல்லுவோம். சாயம் ஒட்டின இடத்தை அரைச்சு அரைச்சு மட்டம் பண்ணுவோம். இதுல யாரும் அரைக்கல. யாரும் கடிக்கல."

"மத்லப்? அப்படின்னா?" மேடத்துக்கு யோசனை ஓடினால் இந்தி வந்துவிடும்.

"இந்தக் கேப் ஒரு இட்லியைக்கூட மென்னதில்லைம்மா."

எனக்குப் பேச ஆசைதான். உதடு ஒத்துழைக்கவில்லை.

"சின்னப்பனுக்கு நீங்க கேப் போட்டீங்களா?"

"நானா? ஷீபா எத்தனையோ தடவை அவர் கதையெல்லாம் சொல்லியிருக்கு. வாசப்படியே மிதிக்கமாட்டாராம். இருங்க, ஊர்ல பல் டாக்டர்னு நாங்க கொஞ்ச பேர்தான், எல்லாரும் ஒரே குரூப்ல இருக்கோம், கேட்டுடறேன்."

கேட்டார். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. வண்டூர் சின்னப்பனா, தெரியாது. பார்த்ததில்லை. நான் போடவில்லை. நானும் இல்லை.

"யாருமே போடலையாம்" என்றார் டாக்டர். பிறகு போட்டோவை மறுபடி வாங்கி, தலையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். "இந்தப் பக்கத்துப் பல்லை மட்டும் எங்கயோ பார்த்த மாதிரியே இருக்கு. எனக்கு முகம் மறந்துடும், பல்லு மறக்காது. யாரோ பழகின ஆள்..."

கிளம்பும்போது மேடம் கண்ணாடி அலமாரி முன்னால் நின்றுவிட்டார். சுண்ணாம்பில் செய்த பல் வரிசைகள், டாக்டர் கல்லூரியில் வாங்கிய கோப்பை, ஒரு பழைய மேல் தாடை எலும்பு, பிளாஸ்டிக் பூ ஒன்று. என்னத்தைப் பார்த்தாரோ, நகரவே இல்லை.

"பொம்மைக் கடை பார்த்தது போதும் மேடம்" என்றேன். "ஒம்மைக் கயை" என்றுதான் விழுந்தது.

ஸ்கூட்டர் கராச்சர்மாவைத் தாண்டி வண்டூர் சாலையில் இறங்கியபோது வாய் கொஞ்சம் கொஞ்சமாக என் வசம் திரும்பியது. திரும்பியதும் முதல் வேலையாக வலித்தது. இரண்டாவது வேலையாக நான் பேச ஆரம்பித்தேன்.

"மேடம், ஆளு சாகல. சின்னப்பன் எங்கயோ ஜாலியா இருக்காரு. பொண்டாட்டி தேடக் கூடாதுன்னு யாரோட தாடையையோ கொண்டுவந்து போட்டுட்டாரு. எப்படி என் மூளை?"

"மூளைக்கும் ஊசி போட்டுட்டாங்க போல. அவரே போடறதா இருந்தா தன்னோட கேப் எவ்வளவு தேஞ்சிருக்கும்னு அவருக்குத் தெரியாதா? புத்தம் புதுசா எதுக்குப் போடணும்?"

"அப்போ வேற யாரு?"

"இதை வச்சவங்களுக்கு ரெண்டு விஷயம் தெரியும். ஒண்ணு, கிளாராம்மா தினமும் எங்க நிப்பாங்கன்னு. ரெண்டு, சின்னப்பனுக்கு எந்தப் பல்லுல கேப்னு."

"அப்ப வீட்டு ஆள்தான். கேஸ் கதம். பல்லு வலிக்குது, வீட்டுக்குப் போலாமா?"

"கதம் இல்ல. ஒண்ணு இடிக்குது." மேடம் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். "ஊர்ல எந்த டாக்டரும் கேப் போடல. மெயின்லேண்டுக்கும் அவர் போகல. அப்ப சின்னப்பனுக்குக் கேப்பே கிடையாது. இல்லாத கேப்பை, இதை வச்ச ஆளு எப்படித் தெரிஞ்சுக்கிட்டான்? அதையும் விடு. கட்டின பொண்டாட்டி எதுக்குக் கேப் இருக்குன்னு நம்மகிட்ட சொல்லணும்?"

"பொய் சொல்றாங்களா?"

"அந்த அம்மா பொய் சொல்ற ஆள் இல்ல" என்றார் மேடம். அதற்கு மேல் வழி நெடுகப் பேசவில்லை. எனக்கும் அந்த முடிச்சு அவிழவில்லை. அந்த எரிச்சலில் இரண்டு மாடுகளுக்கும் ஒரு டூரிஸ்ட் வேனுக்கும் தேவையில்லாமல் ஹாரன் அடித்தேன்.

கிளாராம்மாவின் வீடு ஓடைக்கரையில் தகரக் கூரை போட்ட வீடு. கூரையில் ஓட்டை தெரிந்தது, அதன் கீழே வாளி இருந்தது. வாசலில் தார்ப்பாய் கட்டி, வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் கல்லறைக் குழி விஷயமாகப் போயிருந்தார்கள். உள்ளே திரு இருதயப் படத்துக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து அந்தத் தாடை. பக்கத்தில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கிளாராம்மா அதற்கு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்படியில் ஒரு பெண் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் ஷீபா.

மேடம் பாயிலேயே உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுக்காரருக்குக் கேப் போட்ட டாக்டர் யாரு?"

கிளாராம்மா முதல் தடவையாக முகத்தைச் சுளித்தார். "டாக்டரா? அதுக்கு எதுக்கு டாக்டர்? அது தானா ஆச்சு."

"கேப் எப்படிம்மா தானா ஆகும்?"

"ஆகும்லா? தங்கூசியைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லு ஆடிக்கிட்டே கெடந்துது. ஒரு நாளு வலை பின்னயில வெடுக்குன்னு இழுத்தாக. பல்லு நரம்போட வந்துட்டு. அன்னையிலருந்து அங்க கேப்பு."

சொல்லிவிட்டு அந்த அம்மா தன் வாயைத் திறந்து, இடது கன்னத்தை விரலால் ஒதுக்கி, இரண்டு பல்லுக்கு நடுவே காட்டினார். இங்கே, வெறும் இடம், என்கிற மாதிரி.

"யேசுவே!" என்றேன் நான். இந்தத் தடவை வார்த்தை தெளிவாக வந்தது.

தொப்பிக்கும் கேப். சந்துக்கும் கேப். இங்கிலீஷ்காரன் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து வைத்திருக்கிறான். நமக்கு இருப்பது ஒரே 'க'. அதை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லி, ஒரே மாதிரிக் கேட்டு, ஒரு முழு நாள் மாட்டிய பல்லைத் துரத்தியிருக்கிறோம். அந்த அம்மா சொன்னது விழுந்த பல்லை. சின்னப்பனுக்கு அந்த இடத்தில் பல்லே கிடையாது. இந்தத் தாடையில் இருக்கிறது. அப்படியானால் இது சின்னப்பன் இல்லை.

மேடம் கண்ணை மூடித் திறந்தார். "காலைலயே அதைத்தான் சொன்னீங்களாம்மா?"

"நேத்துலருந்து அதைத்தான் சொல்லுதேன்." கிளாராம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை. "மணல்ல பார்த்ததும் சொன்னேன். அவுகளுக்கு அங்க கேப்புன்னு. எல்லாரும் ஆமா ஆமான்னுட்டு கட்டிப்பிடிச்சு அழுதாக. சாமிகிட்டயும் சொன்னேன். சாமியும் ஆமாம்மான்னாரு. நீங்க படிச்சவுக, உங்களுக்காவது புரியும்னு வந்தேன். நீங்களும் தலையை ஆட்டுனீக. சரி, எல்லாருக்கும் தெரியுது, எனக்குத்தான் புத்தி பெசகிட்டு போலன்னு வந்துட்டேன்."

எனக்கு என்னை நாலு அறை அறைய வேண்டும் போல் இருந்தது. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க என்று அந்த அம்மா கேட்டதற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. கொன்றவன் யார் என்று அவர் கேட்கவே இல்லை. இந்தத் தாடை யாருடையது என்று கேட்டிருக்கிறார்.

டீ கிளாஸ்களோடு ஷீபா வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். கண் வீங்கியிருந்தது.

"ஷீபா" என்றார் மேடம், "அப்பாவுக்குப் பல்லு விழுந்தப்ப நீ எங்கம்மா இருந்த?"

"பல்லு... விழுந்தப்பவா?"

"ஆமா. கீழ, இடது பக்கம்."

ஷீபா தட்டைத் தரையில் வைத்தாள். "மெயின்லேண்ட்ல படிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா விழல மேடம், அப்பாதான் போன்ல சொன்னாக. 'பாப்பா, அப்பாவுக்கும் கீழ எடது ஓரத்துல கேப் வந்துட்டு, நான் சிரிக்கத நீ பார்க்கணுமே'ன்னு..."

அவள் நிறுத்திவிட்டாள். படத்துக்குக் கீழே இருந்த வெள்ளைப் பல்லைப் பார்த்தாள். அம்மா இன்னமும் வாயோரத்தில் வைத்திருந்த விரலைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கேப்புன்னா..." என்றாள்.

"நீ காலைல எழுந்ததுல இருந்து கேப், கேப்னு படிச்சுக்கிட்டு இருந்த நேரம்" என்றார் மேடம் மெதுவாக. "உன் காதுல வேற எப்படி விழும்? அதுக்கப்புறம் நீ அவரைப் பார்க்கவே இல்ல, இல்லையா?"

ஷீபா தலையை மட்டும் அசைத்தாள்.

"டாக்டரோட அலமாரியில மேல் தாடை தனியா இருக்கு ஷீபா. கீழ் தாடையைக் காணோம். யாருக்கும் போடாத அனாதைக் கேப்பும் டப்பா நிறைய இருக்கு. பல்லை அரைக்கத் தெரிஞ்ச கையும் அங்கதான் இருக்கு. மாட்டினியே தவிர, மட்டம் பண்ணல. கடிக்கறதுக்கு ஆள் இல்லையே, எப்படிப் பண்ணுவ?"

நான் அவள் ஓடுவாள், இல்லை என்பாள், ஏதாவது செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மாவின் முன்னால் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

"எம்மா, நான்தான் வச்சேன்."

கிளாராம்மா வாயோரத்திலிருந்து விரலை எடுத்தார்.

"எதைக் கேட்டாலும் அப்பா வரட்டும், அப்பா வரட்டும். கூரை ஒழுகுதுன்னா அப்பா வரட்டும். எனக்குப் பேசி முடிச்ச எடம், மாப்பிள்ளை வீட்டுல வந்து வந்து கேட்டாக, அப்பா வரட்டும். நீ அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல, விடிஞ்சா ஓடைக்குப் போயி நிக்க, வந்து படுக்க. எனக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. ஒரு கல்லறைன்னு இருந்தா அங்க போயி அழுவியேன்னு நெனச்சேன். தப்புதான். உன்னை ஏமாத்தணும்னு இல்லம்மா. நீ ஒரு தடவை அழுதா போதும்னு இருந்துச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இதைக் கையில எடுத்த பெறவும் நீ அழல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஜோக் அடித்து நிலைமையைச் சமாளிப்பவன் நான். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன்.

கிளாராம்மா அந்தத் தாடையின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"இது யாரு?"

"எதும்மா?"

"இந்த ஆளு. யாரு?"

"தெரியாதும்மா. டாக்டர் படிக்கும்போது வாங்குனது. பாடத்துக்கு."

"வாங்குனதா? இவுகளுக்குப் பேரு இல்லையா?"

"தெரியாதும்மா."

"ராத்திரி பூரா மெழுகுவத்தி வச்சு செபமாலை சொல்லியிருக்கேன்" என்றார் கிளாராம்மா. "என் ஆளு இல்லன்னு தெரிஞ்சும் சொன்னேன். யாரோ ஒருத்தர் நம்ம வீட்டுக்கு வந்திருக்காக, வெறுமனே விடக் கூடாதுன்னு. இவுகளுக்கும் ஒரு பொம்பளை இருந்திருப்பா. வருவாக வருவாகன்னு அவளும் எங்கயாவது நின்னுருப்பா. நின்னு நின்னு செத்தும் போயிருப்பா."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கையை ஊன்றி எழுந்து வாசலுக்குப் போனார். வாடகை நாற்காலிகளுக்கு அப்பால் ஓடை தெரிந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஷீபாவும் எழுந்து பின்னாலேயே போனாள். அம்மாவைத் தொடப் பயந்து, நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் மேடம். "போலீஸ் அவுட்போஸ்ட்லயும் அவரையே வந்து உள்ளதைச் சொல்ல வைக்கறேன். ஷீபாவுக்கு ஒண்ணும் ஆகாம பார்த்துக்கலாம். சாமிகிட்ட அடக்கம் இல்லன்னு சொல்லிடவாம்மா?"

"வேண்டாம்" என்றார் கிளாராம்மா.

"வேண்டாமா?"

"இவுகளை மறுபடியும் கண்ணாடிக்குள்ள வைக்கப்பிடாது. டாக்டர்ட்ட கேளுங்க. குடுப்பாரு. நாளைக்கே அடக்கம் பண்ணிருவோம்." மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, கோயிலுக்குப் போ. மணி அடிக்கச் சொல்லு. நாளைக்குப் பூசை ரெண்டு பேருக்குன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்காம்மா?"

"பேரு தெரியாத ஆத்துமா ஒண்ணு. இன்னொரு பேரு சாமி கேட்டா..."

கிளாராம்மாவுக்கு உடனே வரவில்லை. அந்தக் காலத்து மனைவிகள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். இறந்துபோன பிறகு, பூசைக்குக் கொடுக்கும்போது மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது எனக்குத் தெரியும். என் அம்மாவும் என் அப்பா பெயரை அவருடைய பூசை அன்றைக்குத்தான் சொன்னார்.

"சின்னப்பன்னு சொல்லு" என்றார் கிளாராம்மா.

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டாள். செருப்பைக்கூடப் போடாமல் கோயில் பக்கம் நடந்தாள்.

அவள் ஓடை திரும்பும் வரை கிளாராம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வாசல்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். மேடம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அழாதீங்க என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.